அத்தியாயம் 7: விழுந்ததை எடுக்கும் முன்

ரிமோட் விமானம் தரையில் மோதியதும் பறக்கவிட்டவர் வாயில் முதலில் வருவது "சிக்னல் போச்சு" என்பதுதான். பக்கத்தில் நிற்கும் தம்பியும் ஒத்து ஊதுவான்: "ஆமாண்ணே, நானும் பாத்தேன். திடீர்னு கேக்காமப் போச்சு." சிக்னல் கண்ணுக்குத் தெரியாது, பதில் பேசாது, எந்தப் பழியையும் ஏற்றுக்கொள்ளும். ஒரு காலத்தில் அந்தப் பழியில் நியாயமும் இருந்தது. 35 மெகாஹேட்ஸ், 72 மெகாஹேட்ஸ் ரிமோட்டுகளின் நாட்களில் ஒரே சனலில் இரண்டு பேர் சுவிட்சைப் போட்டால் ஒரு விமானமாவது விழும். 2000களின் நடுவில் 2.4 கிகாஹேட்ஸ் வந்த பிறகு ஒவ்வொரு ரிசீவரும் தன்னோடு பைண்ட் செய்த ரிமோட்டை மட்டுமே கேட்கிறது. இன்றும் சிக்னல் அறுபடலாம், எப்போது என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் விழுந்த விமானங்களில் பெரும்பாலானவற்றின் கதை, அவை கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பெட்டரி ஒரு விரலளவு பின்னால் நின்றிருக்கும், எய்லரன் தலைகீழாக அசைந்திருக்கும், சேர்வோக் கையின் திருகு போடப்படாமலே இருந்திருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி, மெதுவாகப் பறக்கவிட்டதால் வந்தது.

இவை ஒவ்வொன்றும் உடைந்த விமானத்தில் ஒரு தடயத்தை விட்டுத்தான் போகும். அந்தத் தடயத்தை அழிப்பது நாம்தான். ஓடிப்போய் அள்ளி, வயர்களைப் பிடுங்கி, உரப்பையில் போட்டுக்கொண்டு லயத்துக்கு வந்து, "என்ன நடந்திருக்கும்?" என்று யோசிக்க உட்காருகிறோம். இந்த அத்தியாயம் அந்த அள்ளலுக்கு முந்திய நேரத்தைப் பற்றியது.

விழுந்த இடத்தைப் பிடிப்பது

இரத்தினபுரி மாவட்டத்து ஓப்பநாயக்கப் பக்கம் முதல் சிக்கலே விமானத்தைக் கண்டுபிடிப்பதுதான். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் ரப்பர் மலை, நடுவில் ஓடை. முந்நூறு மீட்டருக்கு அப்பால் விழுந்தது நூறு மீட்டருக்குள் விழுந்தது போலத் தெரியும். ஆகவே விழுந்த நொடியில் ஓடாதீர்கள். நிற்கும் இடத்தில் காலடியில் ஒரு குச்சியை நடுங்கள். விமானம் மறைந்த இடத்துக்குப் பின்னால் தெரியும் ஒரு மரம், கம்பம் அல்லது கூரையைக் குறித்துக்கொள்ளுங்கள். குச்சிக்கும் அந்தக் குறிக்கும் இடையேயுள்ள நேர்கோட்டில்தான் விமானம் இருக்கிறது. ஒருவர் குச்சியடியில் நின்று கையைக் காட்ட, மற்றவர் கோட்டை விடாமல் நடக்க வேண்டும். த்ரொட்டிலை அடிமட்டத்துக்கு இறக்கிப் பூட்டிவிட்டு, நடக்கும்போது எய்லரன் குச்சியை மட்டும் இடம் வலமாக ஆட்டிக்கொண்டு போங்கள். சேர்வோவின் கிர்ர் சத்தம் புதருக்குள்ளிருந்து கேட்கும்.

தேடப் போகிறவருக்கு மூன்று எச்சரிக்கை. முதலாவது, இந்த மாவட்டத்துக்கே உரிய கைவிடப்பட்ட மாணிக்கக் குழிகள். மழைக்குப் பின் தண்ணீர் நிரம்பி, மேலே புல்லும் கொடியும் மூடிக் கிடக்கும். தெரியாத இடத்தில் தடியால் தரையைத் தட்டாமல் கால் வைக்காதீர்கள். இரண்டாவது, குளவி. கொழுந்து எடுக்கப் போனவர்களைக் குளவி கொட்டிய செய்தி தோட்டங்களில் புதிதல்ல. மரத்தில் மாட்டிய விமானத்தைக் கல்லெறிந்து விழுத்துவதற்கு முன் அதே மரத்தில் கூடு இருக்கிறதா என்று நின்று பாருங்கள். மூன்றாவது, மின்கம்பி. கம்பியில் மாட்டியதை ஈர மூங்கிலால் தட்டிவிட நினைக்கவே வேண்டாம். அது இனி மின்சார சபையின் சொத்து என்று எண்ணி, அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள்.

ரப்பர் மலைக்குள் விழுந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. விடியற்காலையில் பால் வெட்டி, சிரட்டைகள் நிரம்பி நிற்கும் நேரத்தில் நீங்கள் ஓடித் திரிந்தால் ஒருவருடைய ஒரு நாள் பால் தரையில் கொட்டும். பால் எடுத்து முடிந்ததும் போங்கள், கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும்போது தேடுவது பாதி வேலை. மற்ற மாதங்களில் மேலே பார்க்கவும் மறக்கக் கூடாது, கிளையில் இருப்பதைத் தரையில் தேடி ஒரு பொழுதைப் போக்குவோர் பலர்.

தொடாமல் பார்க்க வேண்டியவை

விமானம் கண்ணில் பட்டதும் கைபேசியில் படம் எடுங்கள். நாலு பக்கத்திலிருந்தும் எடுத்த பிறகு, பறந்து வந்த பாதையைப் பின்னோக்கியும் ஒரு படம். பெட்டரி புகைந்தால் அல்லது வீங்கியிருந்தால் இதையெல்லாம் விட்டு விலகி நில்லுங்கள். அப்படி இல்லையென்றால் பெட்டரியைக் கழற்றுவதற்கு முன் ரிசீவரின் விளக்கைப் பாருங்கள். சில ரிசீவர்கள் பறக்கும்போது இடையில் மின்சாரம் போய் வந்திருந்தால் விளக்கை மினுக்கிக்கொண்டே இருக்கும். பெட்டரியைப் பிடுங்கினால் அந்தச் சாட்சி போய்விடும். உங்கள் ரிசீவர் எப்படிப்பட்டது என்று கையேட்டில் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

அடுத்தது புரொப்பலர். பெரிய விமான விபத்துகளை விசாரிப்போரும் இதைத்தான் ஆரம்பத்திலேயே பார்ப்பார்கள். இரண்டு இலையும் உடைந்திருந்தால் அல்லது நுனிகளில் சுற்றிச் சுற்றி உரசிய கீறல் இருந்தால், மோதும்போது மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் உடைந்து மற்றது புதிதுபோல் இருந்தால், மோட்டர் நின்ற பிறகு விழுந்திருக்கலாம். "மோட்டர் கட் ஆயிட்டு" என்பவரின் புரொப்பலரில் இரண்டு இலையும் தூளாகியிருந்தால் அவருடைய ஞாபகத்தை விட அந்தப் பிளாஸ்டிக்கை நம்புங்கள்.

பிறகு சிதறல். எல்லாத் துண்டுகளும் ஒரு மீட்டருக்குள், மூக்கு மண்ணில் குத்தி, ஒரு இறக்கை நுனி மட்டும் நசுங்கியிருந்தால், விமானம் சுழன்றுகொண்டு இறங்கியிருக்கிறது. அதாவது வேகம் இழந்து ஸ்டால் ஆகி, ஒரு இறக்கை முதலில் விழுந்திருக்கிறது. நீளமாக உரசிக்கொண்டு போன தடம், அடியில் கீறல், புரொப்பலர் உடைவு: இது பறந்துகொண்டே தரையில் போய் முட்டியது. பெரும்பாலும் பறக்கவிட்டவரின் கண் தவறியிருக்கும். எய்லரனோ எலிவேட்டரோ விமானத்திலிருந்து இருபது முப்பது மீட்டர் பின்னால், பறந்து வந்த பாதையில் கிடந்தால் அதுவே விடை. முதலில் கழன்றது எதுவோ அதுதான் பாதையில் மிகப் பின்னால் கிடக்கும். விழுவதற்குச் சற்று முன் 'ர்ர்ர்' என்று ஒரு அதிர்வுச் சத்தம் கேட்டதா என்று நின்றவர்களைக் கேளுங்கள். வேகமான இறக்கத்தில் தளர்ந்த எய்லரன் படபடத்துத் தன்னையே கிழித்துக்கொள்ளும்போது வரும் சத்தம் அது.

கடைசியில் ஒவ்வொரு கம்பியையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சேர்வோக் கையிலிருந்து எலிவேட்டர் கொம்பு வரை எங்காவது கழன்றிருக்கிறதா? மோதலில் ஒடிந்த கம்பி வளைந்திருக்கும், பிய்ந்திருக்கும். பறக்கும்போது நழுவிய கம்பி நேராக, சேதமில்லாமல், ஓட்டையிலிருந்து வெளியே நிற்கும். இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளப் பழகினால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

எடை நிற்கும் இடம்

ஒரு விமானத்தை ஒருமுறை விழுத்திய காரணமும் ஒட்டிய பிறகு மறுபடி விழுத்திய காரணமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. இரண்டாவது விழுதலுக்குக் காரணம் ஒட்டிய பசை.

நேரான இறக்கையுள்ள பயிற்சி விமானத்தில் எடையின் மையம், இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரையான இடத்தில் நிற்க வேண்டும். இறக்கை 20 சென்ரிமீட்டர் அகலமென்றால் முன் விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்ரிமீட்டர். அந்த இடத்தில் இரண்டு ஆட்காட்டி விரலால் தாங்கிப் பிடித்தால் மூக்கு இலேசாகக் கீழே சாய வேண்டும். பெட்டரியும் புரொப்பலரும் பொருத்திய பிறகே இதைப் பார்க்க வேண்டும். பெட்டரி இல்லாமல் நிறுத்தி "சரியா நிக்குது" என்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது வால் உடைந்தது, சூட்டுப் பசையும் டேப்பும் சேர்த்து ஒட்டினீர்கள். 10 கிராம் கூடியது என்று வைத்துக்கொள்வோம். வால் மையத்திலிருந்து 50 சென்ரிமீட்டர் பின்னால், பெட்டரி 20 சென்ரிமீட்டர் முன்னால். கொழுந்து நிறுக்கும் தூக்குத் தராசில் குண்டை நுனிக்குத் தள்ளினால் என்ன நடக்குமோ அதுவே இங்கும்: வாலில் 10 கிராமைச் சமப்படுத்த மூக்கில் 25 கிராம் வேண்டும். இதைச் செய்யாமல் எறிந்தால் விமானம் மூக்கைத் தூக்கும், நீங்கள் கீழே அழுத்துவீர்கள், அது தலைகுப்புறப் பாயும், நீங்கள் மறுபடி இழுப்பீர்கள். எந்தக் குச்சிக்கும் அளவுக்கு மீறித் துள்ளும். பார்ப்பவர்களுக்கு இது 'சிக்னல் கேட்காத' விமானம் போலவே தெரியும். உண்மையில் அது சிக்னலை மிகையாகக் கேட்கிறது.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. இரத்தினபுரி மாவட்டத்து ஈரத்தில் காகிதம் ஒட்டிய போம்போட் தண்ணீரை உறிஞ்சும். ஒரு வாரம் லயத்துச் சுவரில் சாய்த்து வைத்த இறக்கை இலேசாக முறுக்கிக்கொள்ளும். ரெஜிபோம் நனையாது, ஆனால் வெயிலில் நின்ற வேனுக்குள் வைத்தால் சூட்டுப் பசை இளகிக் கோணும். பறக்கவிடும் முன் பின்னால் நின்று ஒரு கண்ணால் பார்த்து, இரண்டு இறக்கையின் பின் விளிம்புகளும் ஒரே அளவில் சாய்ந்திருக்கின்றனவா என்று ஒத்துப் பாருங்கள். நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் முறுக்கு போதும், விமானம் ஒரே பக்கம் இழுக்கும். இதை ரிமோட்டின் ட்ரிம்மில் மறைத்துவிட்டுப் பறப்பவருக்கு மெதுவாகப் பறக்கும்போது அந்த இறக்கை முதலில் கவிழும்.

சாதாரண சுப்பர் க்ளூவை ரெஜிபோமில் ஊற்றாதீர்கள், அது போமைத் தின்றுவிடும். போமுக்கென்று விற்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள், அல்லது மூங்கில் ஈர்க்கை உள்ளே செருகி வெள்ளைப் பசையால் ஒட்டி ஒரு நாள் காயவிடுங்கள்.

வலம் என்றால் வலமா?

அவ்ரோ லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ரோய் சாட்விக், 1947 ஓகஸ்ட் 23 அன்று தன் நிறுவனத்தின் டியூடர் விமானத்தின் பரிசோதனைப் பறப்பில் இறந்தார். முந்திய பராமரிப்பில் எய்லரன் கேபிள்கள் மாறிக் கோக்கப்பட்டிருந்தன. விமானி வலப்பக்கம் சாய்த்தால் விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. 2018 நவம்பர் 11 அன்று போர்த்துக்கலில் பராமரிப்பு முடிந்து கிளம்பிய எயார் அஸ்தானா எம்பிரயர் விமானத்துக்கும் எய்லரன் கேபிள் மாறியிருந்தது. நெடுநேரம் வானில் தத்தளித்து எப்படியோ இறங்கியது. அனுபவமுள்ள பொறியியலாளர்களின் பட்டறையிலேயே இது நடக்கிறதென்றால், ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்து ஓரத்தில் சேர்வோ மாற்றிய நமக்கு நடக்காதா?

சோதனை இது: விமானத்துக்குப் பின்னால், வால் உங்களைப் பார்க்க நில்லுங்கள். குச்சியை வலம் தள்ளினால் வலப்பக்க எய்லரன் மேலே எழ வேண்டும், இடப்பக்கம் கீழே இறங்க வேண்டும். குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ரடர் வலம் தள்ளினால் பின் விளிம்பு வலம் திரும்ப வேண்டும். "அசையுது" என்று சொல்வது சோதனை அல்ல. எந்தப் பக்கம் அசைகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: "வலம், வலப்பக்கம் மேலே." ஒவ்வொரு எறிதலுக்கும் முன் இதைச் செய்ய வேண்டும், ரிமோட்டில் மொடல் மெமரி இருந்தால் கட்டாயமாகச் செய்ய வேண்டும். பழைய விமானத்தின் மெமரியில் புதிய விமானத்தை எறிவது நான் பார்த்த விபத்துகளில் மிகச் சுலபமாகத் தவிர்த்திருக்கக் கூடியது.

காற்றும் வேகமும்

தோட்டத்து மைதானம் என்பது மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு படி. ஒரு பக்கம் மேட்டுச் சுவர், மறு பக்கம் பள்ளம். விடிகாலையில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே வழியும். வெயில் ஏறிய பின் அது திரும்பிப் பள்ளத்திலிருந்து மேலே ஏறும். காற்றை எதிர்த்து எறிய வேண்டும் என்பது விதி. அதிகாலையில் அப்படி எறிந்தால் விமானம் நேராக மேட்டுச் சுவரைப் பார்த்துப் போகும். காற்று அடங்கி, திரும்பும் வரை காத்திருப்பதே நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று முகடுகளைத் தாண்டி வரும்போது மலையின் மறைவுப் பக்கத்தில் காற்று கீழே புரண்டு விழும். அந்த இடத்தில் முழு மோட்டரிலும் விமானம் அமுங்குவதைப் பார்க்கலாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மழை திடீரென்று கட்டும். முதல் இடி கேட்டதும் இறக்கிவிடுங்கள்.

காற்று வீசும் திசையில் திரும்பும்போது நடப்பதே அதிகம் பேரை ஏமாற்றுகிறது. விமானம் காற்றுக்குள் செக்கனுக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கிறது, காற்று 6 மீட்டர் என்று வையுங்கள். எதிர்க்காற்றில் தரையில் பார்த்தால் 4 மீட்டர், திரும்பினால் 16. பறக்கவிடுபவருக்கு விமானம் தறிகெட்டு ஓடுவதுபோலத் தெரியும். மோட்டரைக் குறைத்து, குச்சியை இழுத்து, இறுக்கித் திருப்புவார். ஆனால் இறக்கைக்கு வேண்டியது காற்றுக்குள் உள்ள வேகம். அது கூடவே இல்லை. 45 பாகை சாய்ந்து உயரம் இழக்காமல் திரும்பினால் ஸ்டால் வேகம் ஏறத்தாழ 19 சதவீதம் உயரும், 60 பாகையில் 41 சதவீதம். மெதுவாகப் பறந்துகொண்டிருந்த இறக்கை அந்தத் திருப்பத்தில் பிடி விடும், உள்பக்க இறக்கை கவிழும், மூக்கு மண்ணில் குத்தும். சிதறல் ஒரு மீட்டருக்குள். மேலே சொன்ன தடயம் ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தடயத்தைக் கண்டால் ரிசீவரைச் சந்தேகிக்கும் முன் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேளுங்கள்.

எறிந்தவுடன் இடப்பக்கம் புரண்டு விழுவது வேறு விஷயம். பின்னாலிருந்து பார்க்க மணிக்கூட்டு முள்ளின் திசையில் சுற்றும் புரொப்பலர் உடலை இடப்பக்கம் திருப்பப் பார்க்கும். முழு த்ரொட்டிலில் மெதுவாக எறிந்தால் எய்லரனுக்கு அதைத் தடுக்கும் வேகம் இருக்காது. முக்கால் த்ரொட்டில், நல்ல வீச்சு, மூக்கை வானத்துக்குத் தூக்காமல் மட்டமாக. மோட்டரை இரண்டு பாகை வலம் சாய்த்துப் பொருத்தினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

மின்சாரமும், கடைசியாகச் சிக்னலும்

சேர்வோவுக்கும் ரிசீவருக்கும் 5 வோல்ட் கொடுப்பது, மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சிக்குள் இருக்கும் பி.ஈ.சி. மலிவான பி.ஈ.சி மிச்ச வோல்ட்டை வெறும் சூடாக மாற்றும். மூன்று செல் லிப்போ நிரம்பியிருந்தால் 12.6 வோல்ட். அதிலிருந்து 5 போக 7.6 வோல்ட்டை, 2 ஆம்பியரில், 15 வாட்டுக்கு மேல் சூடாகத் தள்ள வேண்டும். நாலு சிறிய சேர்வோக்கள் ஒன்றாக முக்கிப் பிடித்தால், ஒவ்வொன்றும் அரை ஆம்பியருக்கு மேல் கேட்டால், அது சூடேறி ஒரு கணம் அணையும். ரிசீவர் செத்துப் பிழைக்கும். 'சிக்னல் போச்சு' என்ற பல கதைகளின் உண்மை இதுவே. விழுந்த விமானத்தின் ஈ.எஸ்.சி தொட முடியாத சூடாக இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். ஆறிய பிறகு அந்தச் சாட்சியும் போய்விடும். மருந்து: சுவிட்சிங் வகை பி.ஈ.சி ஒன்றைத் தனியாகப் போடுவது.

பெட்டரியின் ஒவ்வொரு செல்லையும் உடனே அளந்து எழுதுங்கள். ஓய்வில் 3.7 அல்லது 3.8 இருந்தால் பெட்டரி குற்றவாளி அல்ல. 3.3க்குக் கீழே என்றால் ஈ.எஸ்.சி மோட்டரைத் தானாகவே குறைத்திருக்கலாம். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட மிகவும் குறைவாக இருந்தால் அந்தப் பெட்டரியை இனி விமானத்தில் போடாதீர்கள்.

உண்மையிலேயே சிக்னல் அறுபடும் இடங்கள்: முகட்டுக்குப் பின்னால், அல்லது மழையில் நனைந்த ரப்பர் மரங்களுக்குப் பின்னால். இலையிலுள்ள தண்ணீர் 2.4 கிகாஹேட்ஸ் அலையை நன்றாக உறிஞ்சும். விமானத்துக்குள்ளே கார்பன் தடியும் பெட்டரியும் அன்டெனாவை மறைக்கலாம். ரிசீவரின் இரண்டு அன்டெனாவும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, மேலுறை உரித்த 31 மில்லிமீட்டர் நுனி எதையும் தொடாமல் நிற்க வேண்டும். ரிமோட்டில் சக்தி குறைக்கும் பரிசோதனை வசதி இருந்தால், கையேட்டில் சொன்ன தூரத்தில், பொதுவாக 30 மீட்டரளவில், ஒருவர் விமானத்தைப் பிடித்து மோட்டரை ஓட்ட மற்றவர் சேர்வோக்களை ஆட்டிப் பார்க்க வேண்டும். மோட்டர் ஓடும்போது மட்டுமே நடுக்கம் வந்தால் பிரச்சினை மின்சாரத்தில்.

சிக்னல் போனால் மோட்டரை நிறுத்த வேண்டிய ஃபெயில்சேஃபையும் தரையில் பாருங்கள். புரொப்பலரைக் கழற்றிவிட்டு, மோட்டரை ஓட்டி, ரிமோட்டை அணையுங்கள். மோட்டர் நிற்க வேண்டும். சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு மோட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட விமானம் சிக்னல் இழந்தால் லயத்துக் கூரையைத் தேடிப் போகவும் கூடும்.

எந்தப் பக்கம் பார்க்கிறது?

மலைநாட்டில் விமான விபத்து என்றால் பெரியவர்கள் 1974 டிசம்பர் 4ஐத்தான் சொல்வார்கள். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களுடன் வந்த மார்ட்டின்எயார் டி.சி.8, கட்டுநாயக்கவில் இறங்கவிருந்தது, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விசாரணை கண்டது விமானக் கோளாறு அல்ல. விமானக் குழுவினர் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, இறங்கலாம் என்று எண்ணி உயரத்தைக் குறைத்திருந்தார்கள். அந்தத் துயரத்தை நம் விளையாட்டோடு ஒப்பிடவில்லை. ஆனால் எந்திரம் நன்றாக இருக்க, இருப்பிடம் பற்றிய எண்ணம் தவறினால் போதும் என்ற பாடத்துக்கு எங்கள் மலையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

ஒரு மீட்டர் நீள இறக்கை 200 மீட்டர் தூரத்தில் முழுநிலாவின் அகலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் தெரியும். பனி மூட்டத்தில் அது வெறும் கறுப்புக் கோடு: வருகிறதா, போகிறதா என்று சொல்ல முடியாது. வருகிறதை எதிர்த்திசையில் திருப்பினால் அதைத் தரைக்கே அனுப்புவீர்கள். இறக்கையின் அடிப்பக்கத்தை ஒரு நிறத்திலும் மேற்பக்கத்தை வேறொரு நிறத்திலும் பூசுங்கள். அடிக்குக் கறுப்பும் மேலே செம்மஞ்சளும் இந்த மேகத்துக்கு நன்றாக எடுபடும். தேயிலைப் பச்சையில் பச்சை விமானம் கட்டுகிறவருக்கு என்னிடம் பதில் இல்லை. ஐயம் வந்தால் த்ரொட்டிலைக் குறைத்து, ஒரு சின்ன எய்லரன் கொடுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால் மோட்டரை நிறுத்துங்கள். மோட்டரில்லாமல் விழுவது ஆட்கள் உள்ள இடத்தில் மோட்டரோடு விழுவதைவிட எவ்வளவோ மேல்.

லயத்தில் பெட்டரி

விழுந்த விமானத்தின் லிப்போ பெட்டரி வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கலாம், சிறிது நேரம் கழித்துத்தான் சூடேறும். மைதானத்திலேயே வெறும் மண்ணில், காய்ந்த இலைகளிலிருந்து தள்ளி அரை மணி நேரமாவது வைத்துப் பாருங்கள். லயத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ். ஒருவர் வீட்டில் பற்றினால் அடுத்த வீடு காத்திருக்காது. சார்ஜை வீட்டுக்கு வெளியே, சீமெந்துத் தரையில், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் போடுங்கள். இரவில் படுக்கைக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. உடனே பறக்கவிடாத பெட்டரியை நிரப்பி வைக்காமல் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிடுங்கள். வீங்கியதைக் குப்பையில் எறியாதீர்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது.

ஓடையில் விழுந்து நனைந்த ரிசீவரையும் ஈ.எஸ்.சியையும் சேர்வோவையும் அரிசிப் பானையில் புதைக்கும் பழக்கம் உண்டு. அரிசித் தூசு சேர்வோவின் பல்சக்கரத்துக்குள் போவதுதான் மிச்சம். உறைகளைக் கழற்றி, சுத்தமான தண்ணீரால் சேற்றைக் கழுவி, விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர விடுங்கள். அதற்கு முன் மின்சாரம் கொடுக்க வேண்டாம். நனைந்த விமானத்தை அடுப்புப் பரணில் வைத்தால் போம் வளைந்துவிடும்.

மறுபடி எறியும் முன்

இலங்கைச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் ஆளில்லா விமானங்களை எடையைப் பொறுத்துப் பிரித்து, பதிவும் அனுமதியும் கேட்கின்றன. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் நாடெங்கும் அவற்றைப் பறக்கவிடத் தடையும் போடப்பட்டது. இப்போது எந்த எடைக்கு என்ன தேவை என்று அவர்களிடமே கேளுங்கள். தோட்டத்தில் துரையின் அனுமதியும் வேண்டும். வானில் ஏதோ பறக்கிறது என்று யாராவது பயந்து பொலிஸுக்குச் சொன்னால், கையில் காகிதம் இருப்பவர் நிம்மதியாகப் பேசலாம்.

ஒட்டிய விமானத்தை மோட்டரில்லாமல், காற்றில்லாத நேரத்தில், அறுவடை முடிந்த வயலிலோ உயரப் புல்லிலோ இரண்டு மூன்று முறை சறுக்க விடுங்கள். மூக்கைத் தூக்கினால் பெட்டரியை முன்னால் தள்ளுங்கள், பாய்ந்தால் சற்றுப் பின்னால். மட்டமாக, ஒரே கோட்டில் பத்துப் பதினைந்து மீட்டர் சறுக்கிய பிறகே மோட்டரைப் போட வேண்டும். முதல் பறப்பை மூன்று நிமிடத்தில் முடித்து, இறங்கியதும் செல் வோல்ட், ஈ.எஸ்.சியின் சூடு, ட்ரிம் எங்கே நின்றது என்ற மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். சேர்வோத் திருகுகளை மறுபடி இறுக்கி, கம்பிகளைத் தொட்டுப் பார்த்த பிறகு இரண்டாவது பறப்பு.